கொடைக்கானல் ஏரிக்கரை வாடகை சைக்கிள்: எடுக்கும் முன்

ஏரியைச் சுற்றிச் சுமார் 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை. கியர் சைக்கிளுக்குக் கூடுதல் காசு வீண். விடிந்ததும் கிளம்பினால் கார் தொல்லை குறைவு, நீர்மேல் பனி மிதக்கும் அந்த நேரம்தான் அழகு!

வண்டிகளின் பலவீனம் பிரேக். லீவரை முழுக்கப் பிடித்தாலும் ஹேண்டில்பாருக்கு இரண்டு விரல் இடைவெளி இருக்கணும். ஒட்டினால் கேபிள் தளர்ந்திருக்கிறது, இறுக்கித் தரச் சொல்லுங்கள். பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் படணும். டயரை உரசினால் டயர் கிழிந்து டியூப் வெடிக்கும். பனியில் ரிம் நனைந்தால் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும், முன்கூட்டியே அழுத்துங்கள். சீட் உங்கள் இடுப்பு உயரத்தில் இருக்கணும். தாழ்ந்தால் முட்டி வலிக்கும்.

ஏரிக்கு அருமை. பெருமாள்மலைக்குப் போகும் மலைச்சாலை இறக்கத்துக்கு இந்த வண்டி வேண்டவே வேண்டாம்.