பஞ்சாபி டோல், மாமர உடல், நட்டு-போல்ட் வகை: பாலக்காட்டுக் காற்றுக்குத் தாங்குமா?

தாங்கும். பஞ்சாபின் துள்ளல் நடனமான பாங்ரா ஆடும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துக் கல்லூரிக் குழுக்கள் தைரியமாக வாங்கலாம். கயிறு கட்டிய டோலின் நாதம் இதைவிட அழகு. ஆனால் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் ஆட்டுத்தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். மேடை ஏறும் நேரத்தில் கயிற்றை இழுத்து ஏற்றுவது லேசான வேலையில்லை. போல்ட்டுக்கு ஒரு ஸ்பேனர் போதும்.

சீசம் மரத்தில் செய்த டோல் கனம் கூடுதல். ஆடுபவர்களோடு நகர்ந்தபடி வாசிக்க மாமரமே நல்லது. இதில் கும்மென்ற வாய்க்கு ஆட்டுத்தோல், கணீரென்ற வாய்க்கு பிளாஸ்டிக் தோல்.

இறுக்கும்போது ஒரு போல்ட்டைத் திருகியதும் அதன் நேர் எதிரே உள்ளதைத் திருகுங்கள், ஒவ்வொரு முறையும் கால் சுற்று மட்டும். வரிசையாகத் திருகினால் வளையம் சாய்ந்து, இழுபடும் பக்கத்தில் தோல் கிழியும். ஆட்டுத்தோல் பக்கத்தை அதிகம் ஏற்றாதீர்கள், கும்மென்ற ஒலி செத்துவிடும். வாசித்து முடித்ததும் அந்தப் பக்கத்தைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள். மார்கழிக் கிழக்குக் காற்றில் தோல் தானாகவே இறுகும். ஏற்றியபடியே விட்டால் வெடிக்கும். தோல் போனால் பெருவெம்பில் செண்டை, மத்தளம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆட்டுத்தோல்தான் வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். மாட்டுத்தோலின் குரல் வேறு.

கூட வரும் குச்சிகளில் தீலி, அதாவது கணீர் வாய்க்கான மெல்லிய குச்சி, நன்றாக வளைகிறது. கும்மென்ற வாய்க்கான தடித்த குச்சியான டக்காவின் வளைவுதான் போதாது. வளைந்த பகுதி தோலில் படிந்து விழ வேண்டும். முனை குத்தினால் ஓட்டைதான். வேறு டக்கா தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். தோள்வாரும் மெலிசு, கழுத்தை அறுக்கும். அகலமான கேன்வாஸ் பட்டை தைத்து மாட்டுவது அவசியம்.

செண்டை பழகியவர்களுக்கு மணிக்கட்டு உறுதி ஏற்கெனவே இருக்கும். ஆனால் அங்கே இரண்டு கோலும் ஒரே வாயில் விழும். இங்கே வாய்க்கு ஒரு குச்சி, தீலிக்கு விரல்தான் வேலை செய்ய வேண்டும். முதலில் பாங்ராவின் அடிப்படைத் தாளமான சால் பழகுங்கள்: தா ந ந ந, ந தா தா ந. 'தா'வில் இரு குச்சியும், 'ந'வில் தீலி மட்டும். எட்டையும் ஒரே அளவாக அடித்தால் அணிவகுப்பு முரசு போலாகிவிடும். ஊசலாட்டம் வேண்டும், அது இல்லாவிட்டால் ஆடுபவர்களின் தோள் துள்ளாது. ஜும்மர் என்ற இன்னொரு பஞ்சாபி நடனத்துக்கு நடை மெதுவானது, ஒவ்வொரு 'தா'வும் அடங்க இடம் விடுங்கள்.

பெண்கள் ஆடும் கித்தாவுக்காக இதை வாங்க வேண்டாம். அதில் பாடும் 'போலி' (boli) என்ற குறும்பாட்டுக்குக் கைத்தட்டலும் சின்ன டோல்கியும் போதும்.