சொந்த ஓஎஸ் எழுதுவோருக்கு எந்த யூஎஸ்பி சீரியல் போர்டு?

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரில் (எதிரே இருக்கும் சிம் லிம் ஸ்குவேர் அல்ல, அது கணினிக்கும் கைபேசிக்கும்) யூஎஸ்பி சீரியல் போர்டு (கணினியின் யூஎஸ்பியை, பிட் பிட்டாக டேட்டா அனுப்பும் சீரியல் இணைப்பாக மாற்றும் சிறு பலகை) என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று சிப்புகளில் ஒன்று உள்ளதைத்தான் எடுத்து வைப்பார்கள்: சிஎச்340, சிபி2102, எஃப்டி232ஆர். விண்டோஸிலோ லினக்ஸிலோ செருகப்போகிறவருக்கு எது என்றாலும் ஒன்றுதான். சொந்த ஓஎஸ் (இயங்குதளம்) எழுதி, அதற்கான டிரைவரையும் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) தானே எழுதப்போகிறவருக்கு அப்படியில்லை. சில வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் வாரக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும்.

முதலில் வாங்க வேண்டியது சிபி2102. இதன் யூஎஸ்பி கட்டளைகளைத் தயாரிப்பாளரான சிலிக்கான் லேப்ஸே ஏஎன்571 என்ற ஆவணத்தில் வெளியிட்டிருக்கிறது. மூன்றே கண்ட்ரோல் ரிக்வெஸ்ட் (சிப்பை அமைக்க அனுப்பும் கட்டளை) போதும்: எண் 0, மதிப்பு 1 கொடுத்தால் போர்ட் திறக்கும், எண் 30-உடன் பாட் ரேட்டை (வினாடிக்கு எத்தனை பிட் என்ற வேகம்) 4 பைட்டில், லிட்டில் எண்டியனாக (சிறிய மதிப்புள்ள பைட் முதலில்) அனுப்ப வேண்டும், எண் 3, மதிப்பு பதினாறடிமானத்தில் 0800 என்றால் 8 பிட் டேட்டா, பேரிட்டி (பிழை சோதிக்கும் பிட்) இல்லை, 1 ஸ்டாப் பிட். அதன்பின் பல்க் எண்ட்பாயிண்ட்டில் (டேட்டா போய்வரும் வழி) வருவதும் போவதும் வெறும் டேட்டா மட்டுமே. எண்ட்பாயிண்ட் முகவரியை மட்டும் கோடில் எழுதி வைக்காதீர்கள், சாதனம் தன்னைப் பற்றித் தரும் டிஸ்கிரிப்டரிலிருந்து படியுங்கள்.

எஃப்டி232ஆர் விலை கூடுதல். ஆனால் இதற்கு டிரைவர் எழுதத் தொடங்கப் போர்டே தேவையில்லை. கணினியை மென்பொருளிலேயே போலச்செய்யும் கியூஎமுவின் யூஎஸ்பி-சீரியல் சாதனம், எஃப்டி232ஆரைத் தயாரிக்கும் எஃப்டிடிஐயின் சிப்பாகத்தான் நடிக்கிறது, ஐடி (தயாரிப்பாளர் எண்:சாதன எண்) 0403:6001. சிக்கல் டேட்டா வரும் பக்கம். 64 பைட் பாக்கெட் ஒவ்வொன்றின் தலையிலும் 2 ஸ்டேட்டஸ் பைட் இருக்கும், டேட்டா 62 மட்டுமே. 512 பைட் பஃபர் கொடுத்துவிட்டு முதல் 2 பைட்டை மட்டும் வெட்டினால், ஓரிரு எழுத்து வரும்வரை எல்லாம் சரியாகத் தெரியும். நீளமான வரி வந்ததும் 62 எழுத்துக்கு ஒருமுறை இரண்டு குப்பை எழுத்து நுழையும். எதுவுமே வராதபோதும் 16 மில்லி வினாடிக்கு ஒருமுறை அந்த 2 பைட் வந்துகொண்டே இருக்கும், அதை டேட்டா என்று எண்ணிவிடக்கூடாது. அந்த இடைவெளியைக் குறைக்க ரிக்வெஸ்ட் 9 இருக்கிறது. பாட் ரேட் ரிக்வெஸ்ட் 3-இல் போகும்: 30,00,000-ஐ வேகத்தால் வகுங்கள். 115200-க்கு 26. 9600-க்கு 312.5, அந்த அரைக்கு 14-ஆம் பிட்டை ஏற்ற (1 ஆக்க) வேண்டும், அதாவது பதினாறடிமானத்தில் 4138. போலி சிப்பு நிறைய உலவுவதால் அசலா என்று கேட்டு வாங்குங்கள். 2014-இல் எஃப்டிடிஐயின் விண்டோஸ் டிரைவர் போலிகளின் புராடக்ட் ஐடியை 0 ஆக்கியது பழைய கதை. அப்படி ஆன போர்டு கையில் சிக்கினால் உங்கள் ஐடி பட்டியலில் 0403:0000-ஐயும் சேர்த்தால் தீர்ந்தது.

சிஎச்340 (1ஏ86:7523) மலிவு, ஆர்டுயினோ நகல் போர்டுகளில் பெரும்பாலும் இதுதான். முதல் டிரைவருக்கு வேண்டாம். சிஎச்340-க்கும் பயன்படும் லினக்ஸின் சிஎச்341 டிரைவரைப் படித்துத்தான் எழுத வேண்டியிருக்கும். அப்படியே எடுத்து ஒட்டினால் ஜிபிஎல் உரிமமும் (உங்கள் கோடையும் அதே உரிமத்தில் வெளியிடச் சொல்வது) கூடவே வரும். எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: பாட் ரேட் மதிப்பில் 7-ஆம் பிட்டை ஏற்றாவிட்டால், 32 பைட் சேரும்வரை சிப் எதையும் மேலே அனுப்பாது. ஒரு எழுத்து தட்டினால் திரையில் ஒன்றும் வராது, டிரைவர் செத்துவிட்டது என்றே தோன்றும். டிடிஆர், ஆர்டிஎஸ் (கணினி தயார் என்று சொல்லும் சிக்னல்கள்) பிட்டுகளும் தலைகீழ்.

எந்தப் போர்டானாலும், யூஎச்சிஐ போன்ற பழைய யூஎஸ்பி கண்ட்ரோலரில், பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறிவரும் டேட்டா0, டேட்டா1 அடையாளத்தை (டாகிள்) டிரைவர்தான் கணக்கு வைக்க வேண்டும். தவறினால் சிப் ஏசிகே (கிடைத்தது என்ற பதில்) கொடுத்துவிட்டுப் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். உங்கள் பக்கம் எல்லாம் வெற்றி என்றே காட்டும். கியூஎமு இதைக் கண்டுகொள்ளாது, நிஜ வன்பொருளில்தான் வெளிப்படும். யூஎஸ்பி 2.0 ஹப் வழியாகச் செருகினால் இஎச்சிஐ (யூஎஸ்பி 2.0 கண்ட்ரோலர்) டிரைவருக்கு, மெதுவான சாதனத்தோடு ஹப் வழியாகப் பேசும் ஸ்பிளிட் டிரான்ஸாக்‌ஷனும் தெரிந்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் ஹப்பைத் தவிருங்கள்.

கடையிலேயே பெண்-பெண் ஜம்பர் வயர் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். போர்டின் டிஎக்ஸையும் (அனுப்பும் முனை) ஆர்எக்ஸையும் (பெறும் முனை) ஒரே வயரால் இணைத்தால் அனுப்பியது திரும்பி வரும், சோதனைக்கு இரண்டாவது கணினி வேண்டாம். ராஸ்பெரி பையோடு இணைப்பதாக இருந்தால் சிக்னல் 3.3 வோல்ட்டா என்று மீட்டரில் பார்த்துவிட்டே செருகுங்கள்.