.22 ரைஃபிளுக்கு ஸ்கோப் ரிங்: "நாங்களே மாட்டித் தருகிறோம்" என்றால் கொஞ்சம் நில்லுங்கள்

ஓஹையோ பக்கம் நம்மவர்கள் சிலர் இப்போது .22 ரைஃபிள் (0.22 அங்குலத் தோட்டா போடும் சின்னத் துப்பாக்கி) வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். பிள்ளைகளை, ரைஃபிள் சுடக் கற்றுத்தரும் ஆப்பிள்சீட் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறவர்களும் உண்டு. அண்மையில் ஒரு நண்பர், "ஸ்கோப் மாட்ட எந்தக் கடை நல்ல கடை?" என்று கேட்டார். (ஸ்கோப் என்பது குறிபார்க்கும் தொலைநோக்கி; அதை ரைஃபிளின் மேல் பிடித்துவைக்கும் வளையம்தான் ரிங்.) அவரிடம் போனில் புலம்பியதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கடைப்பெயர் கேட்டு உள்பெட்டிக்கு வர வேண்டாம். பெயர் தெரிந்தால் அந்த ஒரு கடையை மட்டும் தவிர்த்துவிட்டு, இதே வேலையைச் செய்யும் அடுத்த கடைக்குப் போவீர்கள்.

என்னுடையது பழைய மார்லின் மாடல் 60. 1960-இல் வந்த மாடல், இந்த நாட்டில் பாதி வீடுகளில் தாத்தா அலமாரியில் கிடக்கும் ரகம். இங்கே பலர் இதை வைத்து அணில் வேட்டைக்குப் போவார்கள், செப்டம்பர் பிறந்தால் சீசன். ராமர் முதுகில் தடவிக்கொடுத்த கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அது ஆகாது. நான் காகித இலக்கோடு சரி. இந்த ரைஃபிளின் ரிசீவர், அதாவது சுடும் பொறி இருக்கும் நடு உடல், அலுமினியம். அதன் தலையில் இரு பக்கமும் நீளவாக்கில் பள்ளம் வெட்டியிருக்கும். ஸ்கோப் ரிங்கின் தாடை அந்தப் பள்ளத்தைக் கவ்வ வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. பிற்காலத்தில் வந்தவற்றில் ஸ்க்ரூத் துளையும் உண்டு. என்னுடையதில் வெறும் பள்ளம்.

நான் வாங்கப் போனது .22 வகைத் தோட்டாவுக்கான 3-9×32 ரிம்ஃபயர் ஸ்கோப், 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். பெட்டிக்குள்ளேயே ரிங் ஒரு ஜோடி இருந்தது. கவுண்டரில் நின்றவர் பெட்டியைப் பிரித்து, அந்த ரிங்கை விரலால் சுண்டிக் காட்டினார். "இதெல்லாம் சும்மா வைக்கிற சாமான். ரெண்டு பெட்டி தோட்டாவுக்குத் தாங்காது." பின்னாலிருந்து எஃகு ரிங் ஒரு ஜோடி வந்தது, 45 டாலர். அட்டையில் கொட்டை எழுத்தில் 3/8 அங்குலம், 11 மி.மீ., எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தது. மாட்டுக்கூலி 25 டாலர். அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு ரைஃபிளை உள்ளே கொண்டுபோனார். திரும்பி வந்தபோது எல்லாம் இறுக்கிப் பளபளவென்று இருந்தது.

ரேஞ்சில் முதல் இலக்கு பரவாயில்லை. அதற்குப் பிறகு குறி மேயத் தொடங்கியது. வலது மேலே போகும். ஸ்கோப்பில் குறியைத் திருத்தும் டர்ரெட்டைத் திருகிச் சரிசெய்தால், அடுத்த பெட்டித் தோட்டாவில் இடது பக்கம் போய் நிற்கும். கடைக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காரணம், அதோடு ஒரு புது பில். முதலில் தோட்டா சரியில்லை என்று விலை கூடிய தோட்டா. பிறகு, பழைய துப்பாக்கி, பேரல் (குண்டு வெளியேறும் குழல்) தேய்ந்திருக்கும் என்றார்கள். கடைசியில், ரிசீவரில் துளை போட்டு வீவர் பேஸ் (ரிங்கைப் பூட்டுவதற்கான தனித் தட்டு) பொருத்தினால்தான் தீரும், 90 டாலர் ஆகும் என்றார்கள். நல்லவேளை, அன்றைக்குத் துளைபோடுகிற ஆள் லீவு.

உண்மையைக் கண்டுபிடித்தவர் ரேஞ்சில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த பெரியவர். லேத் பட்டறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். "கழற்றிப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டு, ரிங்கின் மேல்மூடிகளைக் கழற்றி ஸ்கோப்பைத் தூக்கினார். பின்பக்க ரிங்கின் அடித்தட்டில், ஸ்கோப் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே, சின்னதாக ஒரு ஸ்க்ரூத் தலை. ஸ்கோப் இருக்கும்வரை அது கண்ணில் படாது. ரிங்கையும் கழற்றினால், ரிசீவரின் தலையில் மிளகு அளவுக்கு வட்டமாக ஒரு குழி. கறுப்புப் பூச்சு போய் அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தது. பள்ளத்தின் விளிம்பில் எஃகுத் தாடை கடித்த இடமெல்லாம் பிசிறு. விரல் நகத்தை ஓட்டினால் தட்டியது.

அது ஏர் ரைஃபிளுக்கான ரிங். ஸ்பிரிங் வைத்த ஏர் ரைஃபிள் முன்னும் பின்னுமாக இரண்டு பக்கமும் உதறும். அந்த உதறலில் ரிங் வழுக்காமல் இருக்க, அடியில் ஒரு நிறுத்தக் குச்சி வைத்து, ரிசீவரில் அதற்கென்றே இருக்கும் துளையில் இறக்குவார்கள். மார்லினில் அந்தத் துளை கிடையாது. துளை இல்லாத இடத்தில் குச்சியை முறுக்கினால் அது ரிசீவரைக் குத்திக்கொண்டு ரிங்கை மேலே தூக்கும். தாடை பள்ளத்துக்குள் முழுதாக இறங்காமல் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கும். கால் குட்டையான பெஞ்சு மாதிரி, ஒவ்வொரு முறை சுடும்போதும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். பில்லில் இருந்த மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். ஏர் ரைஃபிளுக்கு என்றும், நிறுத்தக் குச்சி உண்டு என்றும் முதல் வரியிலேயே இருக்கிறது. மாட்டியவருக்கு அது தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஆலன் கீ போட்டு அந்தக் குச்சியை முறுக்கியதே அவர் கைதான்.

கொஞ்சம் ஆடினால் என்ன என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ரிங்குக்கும் நடுவே 100 மி.மீ. இடைவெளி என்று வையுங்கள். அதில் ஒன்று மட்டும் பக்கவாட்டில் 0.1 மி.மீ., தடித்த காகிதத்தின் கனம், நகர்ந்தால் போதும். 50 கெஜத்தில் குண்டு விழும் இடம் நாலரை சென்டிமீட்டர் தள்ளிப்போகும். .22-க்கு உதை குறைவு, எந்த ரிங்கும் தாங்கும் என்று சொல்கிறவர்களிடம் இதைக் காட்டுங்கள்.

இனி அந்த "3/8 அல்லது 11" சமாச்சாரம். இரு பக்கப் பள்ளத்துக்கும் நடுவே உள்ள அகலம்தான் அது. 3/8 அங்குலம் என்றால் 9.5 மி.மீ. சொச்சம். அமெரிக்க .22-களில் அதைத்தான் சொல்வார்கள். ஐரோப்பிய ரைஃபிள்களுக்கு 11 மி.மீ. என்பார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசமுள்ள இரண்டையும் ஒரே அட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். சில ரிங் நிஜமாகவே இரண்டுக்கும் விரிந்து சுருங்கும், மறுக்கவில்லை. ஆனால் அளவை மேல் விளிம்பில் எடுத்தார்களா, பள்ளத்தின் அடியில் எடுத்தார்களா என்று அட்டையில் இருக்காது. பள்ளத்தின் ஆழமும் சாய்வுக் கோணமும் ரைஃபிளுக்கு ரைஃபிள் மாறும். கோணம் ஒத்துப்போகவில்லை என்றால், தாடை முழு முகத்தால் அழுத்தாமல் ஒரு கோட்டில் மட்டும் அழுத்தும். எஃகு ரிசீவர் அதைப் பொறுத்துக்கொள்ளும். அலுமினியம் கிழிந்துவிடும்.

பணம் திரும்பக் கேட்டபோது நடந்ததுதான் கேலிக்கூத்து. "மாட்டின ரிங்கை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்" என்று கையை விரித்தார்கள். மாட்டியது யார்? அவர்களேதான், அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டு. ரிசீவரில் இருந்த குழியைக் காட்டினால், "பழைய துப்பாக்கி, முன்னாடியே இருந்திருக்கும்" என்றார்கள். இன்னொன்று: ஸ்கோப் பெட்டியில் இருந்த இலவச ரிங் என் கைக்கு வரவே இல்லை. அதே மாதிரி ஒரு ஜோடி, அட்டை இல்லாமல், 12 டாலர் சீட்டோடு கண்ணாடி அலமாரியில் இருந்தது. என்னுடையதுதான் என்று சத்தியம் பண்ண முடியாது. நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட் கார்டு கம்பெனியில் தகராறு பதிவு செய்தேன். பில், தயாரிப்பாளர் பக்கத்தின் படம், குழியின் படம் மூன்றையும் அனுப்பியதில் ரிங் காசும் மாட்டுக்கூலியும் திரும்பின. கூடுதல் விலைத் தோட்டாவுக்குப் போன காசு போனதுதான். குழிக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. ஸ்கோப் குழாயில் ரிங் கடித்த தழும்பும் இருக்கிறது, இனி அதை யாருக்காவது விற்றால் பாதி விலைகூடத் தேறாது.

வாங்கப் போகிறவர்கள் ரைஃபிளைக் கையோடு கொண்டுபோய், ஸ்கோப் இல்லாமல் வெறும் ரிங்கை மட்டும் பள்ளத்தில் வைத்துப் பாருங்கள். அடித்தட்டு ரிசீவரின் தலையில் படிந்து உட்கார வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. தாடையின் நாக்கு பள்ளத்துக்குள் போக வேண்டும். அடியில் குச்சி ஏதாவது இருந்தால், உங்கள் ரிசீவரில் அதற்குத் துளை இல்லையென்றால், கீழே வைத்துவிடுங்கள். ஒரு சாதாரண கேலிப்பர் 20 டாலருக்குக் கிடைக்கிறது, பள்ளத்தை மேலேயும் அடியிலும் அளந்து குறித்துக்கொண்டு போங்கள். ஸ்கோப் குழாயின் விட்டமும் முக்கியம்: இன்று பெரும்பாலும் 1 அங்குலம், சிலது 30 மி.மீ.; பழைய .22 ஸ்கோப்பாக இருந்தால் முக்கால் அங்குலமாகவும் இருக்கலாம். உயரம், லென்ஸ் பேரலில் இடிக்காத அளவுக்குக் குறைவாக இருந்தால் போதும். ஏர் ரைஃபிள் ரிங்குகள் பல உயரமானவை, கன்னம் வைத்துக் குறிபார்க்கும் மார்லினின் தாழ்ந்த கட்டையில் கன்னம் படாமல் அந்தரத்தில் நிற்கும்.

மேல்மூடி ஸ்க்ரூவுக்கு, தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லாவிட்டால், 15 முதல் 18 இன்ச்-பவுண்டு இறுக்கம் போதும். அதற்கென்று சின்ன டார்க் ரெஞ்ச் இருக்கிறது. மாட்டி முடித்ததும் ரிங்கிலிருந்து ரிசீவர்வரை நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். ரிங் நகர்ந்தால் அந்தக் கோடு உடையும். அப்புறம் தோட்டாவைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

ரூகர் 10/22 வைத்திருப்பவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். அதன் ரிசீவரில் பள்ளமே கிடையாது, ஸ்க்ரூத் துளைதான். துப்பாக்கியோடு வரும் பேஸில் வீவர் வகை ரிங்கும் மாட்டலாம், பள்ள வகை ரிங்கும் மாட்டலாம். வீவர் வகையை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். சி.இசட். 457-இல் 11 மி.மீ. பள்ளம்தான், ஆனால் ரிசீவர் எஃகு. 11 என்று மட்டும் போட்ட நல்ல ரிங்காகப் பார்த்து எடுங்கள். பழைய மார்லின், பழைய ஸ்டீவன்ஸ் வைத்திருப்பவர்கள் பள்ளத்தை அளந்து, அளவோடு படம் போடுங்கள். மார்லின் 60 என்றால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மற்றதற்கு இங்கேயே யாராவது இருப்பார்கள்.