ஜெர்சி பசுவா தோடர் எருமையா, கன்னு போட்டா எது எத்தன நாள் கறக்கும்?

கோத்தகிரி பக்கம் மாடு வாங்க வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது நாளைக்கு எத்தன லிட்டர்னுதான், கன்னு போட்ட பிறகு எத்தன நாள் கறக்கும்னு யாரும் கேக்குறதே இல்ல, ஆனா வருமானமே அதுலதான் இருக்கு.

ஜெர்சி கலப்பு பசு ஆறேழு வாரத்துல உச்சத்துக்கு வந்துடும், அப்புறம் மெல்ல மெல்ல இறங்கும். ஒரு ஈத்துக்கு, அதாவது ஒரு தடவ கன்னு போட்டா, 305 நாள் கறவைன்னு கணக்கு வைப்பாங்க. அதுவும் மூணு மாசத்துக்குள்ள சினை புடிச்சாதான், சினைக்காலம் 280 நாள் சொச்சம், கடைசி ரெண்டு மாசம் பால வத்த விட்டே ஆகணும். எங்க செவலைய அம்மா சொல்லியும் கேக்காம கன்னு போட மூணு வாரம் இருக்குற வரைக்கும் கறந்துட்டேன். அடுத்த ஈத்துல விடிகாலைல காம்ப இழுத்தா நூல் மாதிரி வருது, சொம்பு பாதிகூட ரொம்பல. மடிக்குள்ள பழைய செல் போயி புதுசு வளரத்தான் அந்த 60 நாள், அத நாம திருடக் கூடாதுங்க.

நீலகிரி தோடர் பழங்குடிங்க வளக்குற தோடர் எருமை வேற மாதிரி. 200 நாள் போலதான் கறக்கும், ஈத்து முழுக்க சேத்தாலும் 500 லிட்டர் சுமார். எருமைக்கு சினை 310 நாள் போல வேற, அதனால அடுத்த கன்னுக்கும் காத்துக் கெடக்கணும். கன்னு முட்டலைன்னா பால் இறங்காது, கறக்குற ஆள மாத்துனாலும் பால அடக்கிக்கும். ஆனா கொழுப்பு 8 சதவீதம் வரும், ஜெர்சில 5ஐ ஒட்டிதான். ஒற ஊத்துனா தயிர் கத்தி போட்டு வெட்டுற மாதிரி நிக்கும். மேயுறதுலயே பொழைச்சுக்கும், தவுடு புண்ணாக்குன்னு மூட்ட மூட்டயா வாங்க வேண்டாம். தோடர்ங்க பால்கோயில் கட்டி காப்பாத்துன இனம் இது, புல்வெளி எல்லாம் சீகை மரக்காடும் (வாட்டில் மரம்) தேயிலையும் ஆனப்புறம் மேய எடமே இல்லாம கொறஞ்சுபோச்சு, அத நெனச்சா மனசு வலிக்குது.



தினமும் பால் சொசைட்டிக்கு ஊத்தணும்னா ஜெர்சிதான். வீட்டுத் தயிர் நெய்க்குன்னா, பக்கத்துல புல்வெளியும் இருந்தா, நான் எருமையத்தான் சொல்லுவேன். எத வாங்குனாலும் கன்னு போட்ட தேதியையும் சினை ஊசி போட்ட தேதியையும் கேட்டு எழுதி வெச்சுக்கோங்க, ஏழு மாசம் கறந்து முடிஞ்ச பசுவ புதுக்கறவைன்னு சொல்லி விக்கிறவங்க இருக்காங்க.