ஆறு வருடச் சுக்கு டப்பா: மாதவிடாய் வலிக்கு நான் குடித்ததும் கைவிட்டதும்

என் ஆபீஸ் பையில் ஆறு வருடமாக ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருக்கிறது. உள்ளே சுக்குப் பொடி. மூக்குப்பொடியா என்று கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு, கேட்ட கையோடு மெதுவாக "எனக்கும் கொஞ்சம் தர்றியா" என்றவர்களும் உண்டு.

ஆரம்பம் அம்மாவின் கஷாயம்தான். சுக்கு, மிளகு, ஓமம், வெந்தயம், கொஞ்சம் பெருங்காயம், எள், எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்துக் கருப்பட்டி கலந்து நீட்டுவார். சில மாதம் கேட்கும். சில மாதம் வயிற்று வலியோடு நெஞ்செரிச்சலும் இலவசமாக வரும். எது கேட்டது, எது எரித்தது என்று யாருக்கும் தெரியாது. 2019இல் ஒரு முடிவெடுத்தேன்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாமான், மூன்று மாதம், எவ்வளவு குடித்தேன் என்பதும் வலி பத்துக்கு எத்தனை என்பதும் போன் காலண்டரில்.

சுக்குதான் தேறியது. கருப்பையின் உள்சவ்வு உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்று ஒன்று சுரந்து தசையைப் பிழிவதால்தான் இந்த வலி. மெஃபனமிக் ஆசிட், இபுபுரூஃபன் மாத்திரைகள் அதன் சுரப்பைத்தான் குறைக்கின்றன, இஞ்சிக்கும் அந்தக் குணம் ஓரளவு இருப்பதாகச் சொல்கிறார்கள். ஈரானில் கல்லூரி மாணவிகளை வைத்து இஞ்சிப் பொடியைச் சோதித்திருக்கிறார்கள். இந்த மாதிரிச் சோதனைகளில் கொடுத்த அளவு பெரும்பாலும் நாளுக்கு முக்கால் கிராமிலிருந்து 2 கிராம் வரை, அதுவும் முதல் மூன்று நான்கு நாளுக்கு மட்டும். சின்னச் சின்ன ஆய்வுகள்தான், அதனால் அதை வேதவாக்காக எடுக்கவில்லை, ஆனால் அளவுக்கு ஒரு பிடி கிடைத்தது. கால் டீஸ்பூன் சுமார் அரை கிராம். காலை, மதியம், இரவு, சாப்பிட்ட பிறகு வெந்நீரில். வலி உச்சிக்கு ஏறிய பிறகு குடித்தால் ஒன்றும் நடக்காது, இடுப்பு கனக்க ஆரம்பிக்கும் முந்தைய நாளே தொடங்கினால்தான் பலன். என் கணக்கில் எட்டாக இருந்த வலி நான்கைந்துக்கு வந்தது. பூஜ்யம் ஆனது ஒரு மாதம்கூட இல்லை.

சுக்கு வாங்கும்போது ஒரு விஷயம். பளிச்சென்று வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பு பூசியது. நான் மதுரை கீழமாசி வீதிப் பக்கம் மங்கலாக, அசிங்கமாக இருப்பதைக் கேட்டு வாங்கி, தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு இடிப்பேன். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று பாட்டி சொன்னது இதைத்தான்.

வெந்தயம் மூன்று மாதம் பார்த்தேன். வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, கூடவே வேர்வையில் ஒரு வாடை, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கே தெரிந்திருக்கும். போதும் என்று விட்டுவிட்டேன். அது சர்க்கரையையும் இறக்கும், சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் தானாக ஸ்பூன் ஸ்பூனாக விழுங்க வேண்டாம். பட்டைத் தண்ணீரும் அப்படித்தான், கடையில் கிடைக்கும் தடிப்பட்டையில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம், தினமும் குடித்தால் ஈரலுக்கு ஆகாது.

சோற்றுக்கற்றாழைதான் என்னைப் படுக்க வைத்தது. மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டு, சோற்றைப் பலமுறை கழுவ வேண்டும். அன்றைக்கு அவசரம், ஒரு தடவை அலசி மிக்ஸியில் அடித்துக் குடித்தேன். அந்த மஞ்சள் பால் கடும் பேதி மருந்து. மாதவிடாயின் இரண்டாம் நாள், வலியோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று இங்கே எழுத விரும்பவில்லை. இன்னொரு கூத்து, பக்கத்து வீட்டு மாமா அன்போடு கொண்டுவந்த "அசோக மரப்பட்டை". பள்ளிக்கூடச் சுவரோரம் ஊசி மாதிரி நெட்டையாக நிற்குமே, அந்த மரம். அது நெட்டிலிங்கம். மருந்துக்குச் சொல்லப்படும் அசோகு வேறு மரம், செம்மஞ்சள் பூ கொத்தாகப் பூக்கும், இப்போது கிடைப்பதே அரிது. கடைகளில் விற்கும் அசோகப்பட்டையிலும் நெட்டிலிங்கம் கலப்பது பழைய வழக்கம். மாமா மனசு நோகக்கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டேன், குடிக்கவில்லை.

மாத்திரை போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று அம்மா இன்றும் சொல்வார். அப்படி ஒன்றும் இல்லை. சுக்குக்கு அடங்காத மாதம், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்கிறேன். மாத்திரையும் சுக்கும் ஒன்றாக வெறும் வயிற்றில் இறக்கிப் புளியேப்பத்தோடு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்ததால், அன்றைக்கு இரண்டில் ஒன்றுதான் என்று வைத்திருக்கிறேன். அதற்குமேல் ஒரு உப்பு ஒத்தடம். வாணலியில் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து அடிவயிற்றில் வைப்பது, சூடு பொறுக்கிற அளவுக்கு ஆறிய பிறகு. உண்மையைச் சொன்னால், சில மாதம் சுக்கைவிட அதுதான் சுகம். அப்புறம், நாள் தள்ளிப் போய் வலிக்கிறது என்றால் எள்ளும் கருப்பட்டியும் தின்று வரவழைக்கப் பார்க்காதீர்கள், முதலில் கர்ப்பப் பரிசோதனை. அதைச் சொல்லாமல் எள்ளுருண்டை கொடுக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும்.

இனி தங்கச்சி கதை. என் டப்பாவில் பாதியை அவளுக்குப் பிரித்துக் கொடுத்தது நான்தான். அவளுக்கும் கேட்டது. பிறகு கேட்கவில்லை, அளவைக் கூட்டினாள். மாதவிடாய் முடிந்த பிறகும் வலித்தது, மலம் கழிக்கும்போது வலித்தது, நாப்கின் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. "சூடு பிடிச்சிருக்கு, இன்னும் ரெண்டு வேளை குடி" என்று போனில் சொன்னவளும் நான்தான். ஒன்றரை வருடம் ஓடியது. ஸ்கேனில் சாக்லேட் சிஸ்ட், அதாவது சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி. வருடா வருடம் கூடும் வலி, நடுவில் வரும் வலி, நிற்காத உதிரப்போக்கு இதற்கெல்லாம் சுக்கில் பதில் இல்லை என்பது என் காலண்டருக்குத் தெரியாது, அதில் என் வலி மட்டும்தான் இருந்தது.

அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து டாக்டர் அவளிடம் கேட்டார், "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களாம்மா?" அவள் இல்லை என்று தலையாட்டினாள். கஷாயத்தை யார் மருந்து என்று நினைக்கிறார்கள்? நான் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தேன். திறந்து முகர்ந்து பார்த்தார், இரத்தம் உறைவதை இதுவும் கொஞ்சம் பாதிக்கலாம், ஆபரேஷன் முடியும்வரை வேண்டாம் என்றார். எத்தனை ஸ்பூன், எத்தனை வேளை என்று கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். தங்கச்சி என்னைப் பார்த்தாள், "ஒரு நாளைக்கு ஆறு தடவை" என்றாள்.