குஸ்கோவில் ஏழு நாள்: மாச்சு பிச்சுவுக்கு எந்த வழி?

பெருவில், ஸ்பானியர் வருவதற்கு முன் ஆண்ட இன்காக்கள் மலைமேல் கட்டிய நகரத்தின் இடிபாடுதான் மாச்சு பிச்சு. அங்கே போவது என்று முடிவானதும் எல்லோரும் முதலில் தேடுவது படங்களைத்தான். எந்தப் பாதையில் பனிமலை தெரிகிறது, எதில் கூட்டம் குறைவு என்று பார்த்து, பிடித்த ஒன்றை எடுத்து ஏழு நாளுக்குள் திணிக்கப் பார்ப்பார்கள். என் கணக்கு வேறு. கையில் ஒரு வாரம்தான் என்றால், அதில் முதல் இரண்டு நாளை மலையின் உயரம் பிடுங்கிக்கொள்ளும். மிச்ச நாளுக்குள் எந்த வழி அடங்கும், அந்த வழியில் இடிபாடுகளை நின்று பார்க்க எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று பார்த்தால் பாதி வழிகள் தாமாகவே கழன்றுவிடும்.

முதலில் உயரம். பெருவின் தலைநகர் லிமா கடற்கரை நகரம். அங்கிருந்து விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள், மாச்சு பிச்சுவுக்குப் போகிறவர்கள் வந்திறங்கும் மலைநகரமான குஸ்கோ, அதாவது சுமார் 3,400 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். படியேறினால் மூச்சு வாங்கும், தலை வலிக்கும், சாப்பாடு இறங்காது, இரவில் தூக்கம் விட்டு விட்டு வரும். இளைஞர், முதியவர், தினமும் ஓடுகிறவர் என்ற பாகுபாடெல்லாம் இதற்குக் கிடையாது. ஆனால் மாச்சு பிச்சுவின் உயரம் சுமார் 2,430 மீட்டர்தான். குஸ்கோவைவிட அது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கீழே இருக்கிறது. அதனால் விமான நிலையத்திலிருந்து குஸ்கோ ஓட்டலுக்குப் போகாமல், நேராகக் காரில் உருபாம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுவதே புத்திசாலித்தனம். அங்குள்ள ஒயாந்தாய்தாம்போ சுமார் 2,800 மீட்டர். முதல் இரண்டு இரவை அங்கே கழித்துவிட்டு, குஸ்கோவைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால் உடம்பு அவ்வளவு சண்டை போடாது. கோக்கா இலைத் தேநீர் எல்லா ஓட்டலிலும் கிடைக்கும், குடிக்கலாம், இதமாக இருக்கும். அதை மருந்தென்று நம்பிவிடக் கூடாது. உயரத் தொல்லையைத் தடுக்கத் தரும் அசிட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இனி வழிகள். பேசப்படுபவை நாலு: ரயில், இன்கா பாதை, சல்கந்தாய், சோக்கெகிராவ். ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அதை அதிகம் பேர் கண்டுகொள்வதில்லை. எனக்குப் பிடித்தது அதுதான், பிறகு வருகிறேன்.

ரயிலைச் சுற்றுலாக்காரர்களின் சோம்பேறி வழி என்று மலையேறிகள் மட்டம் தட்டுவதுண்டு. இடிபாடு பார்க்க வந்தவருக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. ஒயாந்தாய்தாம்போவில் ஏறினால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் மாச்சு பிச்சுவின் அடிவார ஊரான ஆகுவாஸ் காலியெந்தேஸ். அங்கிருந்து பேருந்தில் அரை மணி நேரம், அல்லது படிக்கட்டு வழியே ஒன்றரை மணி நேர ஏற்றம். இப்படி மிச்சமாகும் நாள்களில் பள்ளத்தாக்கு முழுவதையும் பார்த்துவிடலாம். இந்தப் பள்ளத்தாக்கை மாச்சு பிச்சுவுக்குப் போகிற வழியாக மட்டும் நினைத்து வேகமாகக் கடப்பவர்கள் இழப்பது கொஞ்சநஞ்சமல்ல.

ஒயாந்தாய்தாம்போவின் உச்சியில் ஆறு பெரிய கற்பலகைகளை நிற்க வைத்து ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். இளஞ்சிவப்புக் கல், ஒவ்வொன்றும் ஆளைவிட மிக உயரம். அடுத்தடுத்த பலகைகளுக்கு நடுவே விரற்கடை அகலத்தில் மெல்லிய கல் துண்டுகளைச் செருகியிருக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தால்தான் அது தெரியும். இந்தக் கற்கள் வந்த இடம் ஆற்றுக்கு அக்கரையில், எதிர் மலையில் உள்ள கச்சிகாத்தா கல்குவாரி. அங்கே வெட்டி, சரிவில் இறக்கி, ஆற்றைக் கடந்து, இந்தப் பக்கம் சாய்தளத்தில் மேலே இழுத்திருக்கிறார்கள். பாதி வழியில் கைவிடப்பட்ட பெரிய கற்கள் இன்றும் அங்கங்கே கிடக்கின்றன. கீழே ஊர்த் தெருக்கள் இன்கா காலத்துத் திட்டப்படியே இருக்கின்றன, தெருவோரக் கால்வாயில் இப்போதும் தண்ணீர் ஓடுகிறது, அந்த வீடுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள்.

இதோடு பிசாக்கின் படிக்கட்டு வயல்கள், மொராயின் வட்டக் குழிகள், சின்செரோ எல்லாமே ஒரே கூட்டுச் சீட்டில் அடங்கும். குஸ்கோவுக்கு மேலே உள்ள சக்சாய்வாமான் இடிபாடும் அதே சீட்டில்தான். அங்கே மூன்று வரிசையாக மடங்கி மடங்கிப் போகும் சுவர்களில் 100 டன்னுக்கு மேல் எடையுள்ள கல்லும் இருக்கிறது.

ரயிலின் குறை, காசு அதிகம். வெளிநாட்டவருக்கு ஒரு வழிக்கே பெரும்பாலும் 60 டாலருக்குக் குறையாது. சாமானுக்கும் எடைக் கட்டுப்பாடு உண்டு, பெரிய பெட்டியை ஓட்டலில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இதை மிச்சம் பிடிக்க, குஸ்கோவிலிருந்து வேனில் ஆறேழு மணி நேரம் சுற்றிப்போய், இத்ரோஎலெக்த்ரிகா என்ற இடத்தில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டி இரண்டரை, மூன்று மணி நேரம் நடந்து ஆகுவாஸ் காலியெந்தேஸ் சேர்கிறவர்கள் உண்டு. நடை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் போக ஒரு நாள், வர ஒரு நாள் அதிலேயே போய்விடும். ஒரு மாதம் சுற்றுகிறவருக்குச் சரி. ஏழு நாள்காரருக்கு அது மிச்சமே இல்லை.

அடுத்தது பெயர்பெற்ற நாலு நாள் இன்கா பாதை. ரயில் தடத்தின் 82-ஆவது கிலோமீட்டரில் தொடங்கி 40 கிலோமீட்டர் சொச்சம். மாச்சு பிச்சுவுக்கு இன்காக்கள் போன வழியிலேயே, அவர்கள் பாவிய கல்லின் மேலேயே நடந்து போகலாம் என்பதுதான் இதன் மதிப்பு. வழி நெடுக இடிபாடுகள். முதல் நாள் பள்ளத்தாக்கில் பாதாயாக்தா, மூன்றாம் நாள் பாறை மூக்கில் உட்கார்ந்திருக்கும் சயக்மார்கா, மேகத்துக்குள் கிடக்கும் புயுபாதாமார்கா, கடைசியாக வின்யாய் வாய்னா. மாச்சு பிச்சுவுக்கு முன்னால் இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகிறவருக்கு, அங்கே போய்ச் சேரும்போது இன்காக்கள் தண்ணீரை எப்படி இறக்கினார்கள், வயலை எந்தப் பக்கம் பார்த்து அமைத்தார்கள் என்பதெல்லாம் கண்ணுக்குப் பழகியிருக்கும். நேராக ரயிலில் வந்து இறங்குகிறவருக்கு இது கிடைக்காது.

ஆனால் நாலு நாளும் ஒரே மாதிரி இல்லை. இரண்டாம் நாள்தான் ஆளைத் தின்னும். சுமார் 3,000 மீட்டரில் இருக்கும் முகாமிலிருந்து 4,215 மீட்டர் கணவாய்க்கு ஏறி, மறுபக்கம் 600 மீட்டர் இறங்க வேண்டும். ஏற்றத்தில் நுரையீரல் திணறும், இறக்கத்தில் முட்டி கெஞ்சும். குஸ்கோவில் இறங்கிய மறுநாளே இந்தப் பாதையில் கால் வைக்கும் திட்டங்களை ஏஜென்சிகள் விற்கத்தான் செய்கின்றன. வாங்காதீர்கள்.

அப்புறம் அனுமதி. பாதையில் ஒரு நாளைக்கு 500 பேர்தான் நுழையலாம். அதில் வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் சேர்ந்துவிடுவதால் பயணிகளுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 200 இடம். தனியாகப் போக முடியாது, உரிமம் பெற்ற ஏஜென்சி வழியாகத்தான் போக வேண்டும். அனுமதி உங்கள் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டது, இன்னொருவருக்கு மாற்ற முடியாது. மே முதல் ஆகஸ்ட் வரை இடங்கள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். பிப்ரவரியில் பாதையையே பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள். ஏழு நாளில் இதைச் செய்யலாம்: இரண்டு நாள் பள்ளத்தாக்கில், நாலு நாள் பாதையில், ஏழாம் நாள் விமானம். ஒரு நாள் காய்ச்சல் வந்தாலோ விமானம் ரத்தானாலோ எல்லாம் சரிந்துவிடும், பணமும் போனது போனதுதான். அந்த இறுக்கம் ஒத்துவருகிறவர்கள் போகலாம்.

சல்கந்தாயை இதற்கு மாற்று என்று சொல்கிறார்கள். அனுமதிக் கட்டுப்பாடு இல்லை, கடைசி நேரத்திலும் இடம் கிடைக்கும், விலையும் குறைவு, இதெல்லாம் உண்மை. 6,271 மீட்டர் உயரமுள்ள சல்கந்தாய் சிகரத்தின் தோளை ஒட்டி, 4,600 மீட்டரைத் தாண்டிய கணவாயைக் கடந்து, இரண்டே நாளில் பனியிலிருந்து காப்பித் தோட்டத்துக்கு இறங்குவது அபாரமான நடைதான். ஆனால் இது மலை பார்க்கிற பயணம். ஐந்து நாளில் மாச்சு பிச்சுவைத் தவிர்த்து வழியில் சொல்லிக்கொள்ளும்படி வருவது, நாலாம் நாள் எதிர் மலையில் தென்படும் யாக்தாபாதா மட்டும். அங்கிருந்து மாச்சு பிச்சுவைப் பக்கவாட்டில் பார்க்கலாம். முதல் இரவே சுமார் 3,900 மீட்டரில், ஜூன், ஜூலையில் உறைநிலைக்குக் கீழே போகும் குளிரில் தூங்க வேண்டும். இரண்டு நாள் பழக்கமும் ஐந்து நாள் நடையும் சேர்ந்தால் ஏழு நாள் முடிந்துவிடும். ஊர் திரும்ப எட்டாம் நாள் வேண்டும். பத்து நாள் இருப்பவர்கள் இதைப் பற்றி யோசிக்கட்டும்.

சோக்கெகிராவ் மாச்சு பிச்சுவுக்குப் போகும் வழியே அல்ல, அதற்குப் பதிலாகப் போகும் இடம். அபூரிமக் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் சுமார் 3,000 மீட்டரில் இருக்கிறது. சாலை கிடையாது. கம்பிவடப் பாதை போடுவதாகப் பல வருடங்களாகப் பேச்சு மட்டும் நடக்கிறது. கச்சோரா பக்கத்திலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 1,400 மீட்டர் கீழே இறங்கி ஆற்றைக் கடந்து, அதே அளவு மறுபடி ஏற வேண்டும். திரும்பும்போதும் இதேதான். உயரத்தால் வரும் தொல்லை இதில் குறைவு, ஆற்றங்கரை வெயிலும் கொசுவும்தான் எதிரி. போய்வர நாலு நாள். கட்டுமானங்களில் இன்னும் பெரும்பகுதி காட்டுக்குள்தான் கிடக்கிறது. ஆனால் உள்ளே பெரும்பாலும் உங்கள் குழுவைத் தவிர ஆளிருக்காது. மாச்சு பிச்சுவில் இல்லாத ஒன்று இங்கே உண்டு: செங்குத்தான படிக்கட்டு வயல்களின் தாங்குசுவரில், கருங்கற்களுக்கு நடுவே வெள்ளைக் கல்லைப் பதித்து லாமா உருவங்களை அமைத்திருக்கிறார்கள். சுவருக்கு முன்னால் நின்றால் கோடு கோடாகத்தான் தெரியும், சற்றுத் தள்ளிப் போனால்தான் கழுத்தும் காலும் பிடிபடும். மாச்சு பிச்சுவை ஏற்கெனவே பார்த்தவருக்கு நான் சொல்லும் முதல் பெயர் இதுதான். முதல் முறை வருகிறவர், வாரத்தில் நாலு நாளை இதற்குக் கொடுத்துவிட்டு மாச்சு பிச்சுவையும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் இரண்டையும் ஓட்டமாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்போது ஐந்தாவது. ஒயாந்தாய்தாம்போவில் காலை ரயில் ஏறி, ஆகுவாஸ் காலியெந்தேஸ் வரை போகாமல் 104-ஆவது கிலோமீட்டரில் இறங்கிக்கொள்ளும் குறும்பாதை. ஒரே நாள் நடை, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். 2,800 மீட்டரைத் தாண்டுவதே இல்லை, கூடாரத்தில் தூங்க வேண்டியதில்லை. வின்யாய் வாய்னாவில் இது நாலு நாள் பாதையோடு சேர்ந்துவிடுகிறது, அதனால் அந்தப் பாதையின் மிக அழகான இடிபாடு இதிலும் வந்துவிடுகிறது. வின்யாய் வாய்னாவில் மலைச்சரிவே உள்வாங்கி வளைந்திருக்கிறது, வயல்களும் அந்த வளைவுக்கு ஏற்பவே வெட்டப்பட்டிருக்கின்றன. படிக்கட்டை ஒட்டி ஒன்றன் கீழ் ஒன்றாகக் கல் தொட்டிகள், மேல் தொட்டியில் விழும் தண்ணீர் கீழ்த் தொட்டிக்கு. அங்கிருந்து மாச்சு பிச்சுவின் பழைய நுழைவாயிலான சூரிய வாசல். மாலை வெயிலில் மாச்சு பிச்சு கீழே தெரியும். அன்றிரவு ஆகுவாஸ் காலியெந்தேஸில் தங்கி, மறுநாள் காலை மாச்சு பிச்சுவுக்குள் போகலாம். இதற்கும் அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் கட்டாயம், ஆனால் நாலு நாள் பாதை அளவுக்குப் போட்டி இல்லை.

ஏழு நாளும் இப்படி விழும்: இரண்டு நாள் ஒயாந்தாய்தாம்போ, மூன்றாம் நாள் பிசாக், மொராய், நாலாம் நாள் குறும்பாதை, ஐந்தாம் நாள் மாச்சு பிச்சு, ஆறாம் நாள் குஸ்கோ, சக்சாய்வாமான், ஏழாம் நாள் விமானம். இரவு தங்கும் உயரம் கடைசியில்தான் கூடுகிறது. ஒரு நாள் பிசகினாலும் மூன்றாம் நாளை வெட்டிச் சமாளிக்கலாம். அதனால் முதல் முறை போகிறவர், முட்டி ஒத்துழைக்காதவர், பெற்றோரைக் கூட்டிப்போகிறவர் எல்லோருக்கும் என் ஓட்டு இதற்குத்தான். பெற்றோர் நடக்க முடியாது என்றால் அவர்கள் அதே ரயிலில் நேராகப் போய் ஓட்டலில் காத்திருக்கலாம்.

எந்த வழியில் போனாலும் மாச்சு பிச்சு நுழைவுச் சீட்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். 2024 முதல் உள்ளே மூன்று சுற்றுகள், அவற்றுக்குள் பத்துத் தடங்கள் என்று பிரித்துவிட்டார்கள். வாங்கும்போதே தடத்தையும் நுழையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும், உள்ளே போய் மாற்ற முடியாது, வெளியே வந்தால் மறுபடி நுழைய முடியாது. முதல் சுற்று மேலிருந்து பார்க்க மட்டும். எல்லோரும் பார்த்த அந்தப் படமும் வேண்டும், கோயில்களுக்கு நடுவே நடக்கவும் வேண்டும் என்றால் இரண்டாம் சுற்று. மூன்றாவது கீழ்ப்பகுதி, இடிபாடுகளுக்குப் பின்னால் நிற்கும் வாய்னா பிச்சு சிகரத்தின் ஏற்றம் அதில்தான் சேரும். நாளொன்றுக்குப் பொதுவாக 4,500 பேர், கூட்டம் மிகுந்த நாள்களில் 5,600 பேர் வரை விடுகிறார்கள். இரண்டாம் சுற்றுதான் முதலில் தீரும். பாதை நடந்து வருகிறவர்களுக்கு எந்தச் சுற்று கிடைக்கும் என்பதை ஏஜென்சியிடம் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

முன்பதிவு வரிசை: முதலில் பாதை அனுமதி, பிறகு மாச்சு பிச்சு சீட்டு, பிறகு ரயில், கடைசியில் விமானம். தலைகீழாகச் செய்தால் விமானத் தேதிக்குப் பாதை கிடைக்காது. எல்லாச் சீட்டிலும் ஒரே பாஸ்போர்ட் எண் இருக்கட்டும். நடுவில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் பழையதையும் கூடவே எடுத்துப் போங்கள்.