கரிசல் மண்ணில் அஸ்திவார வேலை: பைலுக்கு முழு மார்க், பைப் லைனுக்குப் பாதிகூட இல்லை

சூலூர் பக்கம் எங்கள் லேஅவுட்டில் மனை வாங்கிய குடும்பங்கள் சேர்ந்து, எல்லா வீட்டு அஸ்திவாரமும் சாக்கடை லைனும் மழைநீர்க் கால்வாயும் உள்ரோடும் ஒரே காண்ட்ராக்டரிடம் கொடுத்தோம். பெயர் போடவில்லை, வேலையை மட்டும் சொல்கிறேன்.

இடம் சுத்தக் கரிசல். கோடையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊதும். இந்த மண்ணில் சாதாரண ஃபுட்டிங் போட்டுவிட்டு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிற சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்கள் நிறையப் பேர். இவர்கள் போர் போட்டு சாயில் டெஸ்ட் எடுத்த பிறகுதான் ரேட்டே பேசினார்கள். அண்டர் ரீம் பைல்தான், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கி அடியில் குமிழாக விரிகிற கான்கிரீட் தூண்தான் என்றார்கள், சரி என்றோம்.

அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 300 மி.மீ. துளையை 3.5 மீட்டருக்கு மேல் இறக்கி, அடியில் கத்தி விரிகிற கருவியை விட்டுச் சுற்றினால் துளையைப்போல இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குமிழாகக் குடைந்துவிடுகிறது. மேல்மண் ஊதித் தூக்கப் பார்த்தாலும் குமிழ் விடாது. உதிர்ந்த மண்ணை முழுக்க எடுத்த பிறகுதான் கம்பிக்கூடு இறங்கியது. அப்புறம் பைல்களை மேலே இணைத்துச் சுவரைத் தாங்குகிற கிரேடு பீமுக்கும் அடியில் உள்ள மண்ணுக்கும் நடுவே 80 மி.மீ. காலியாக விடவேண்டும், மண் ஊதுவதற்கு இடம் அது. கொத்தனார் ஒருவர் பார்க்க நன்றாக இல்லையே என்று மண்ணைத் தள்ளப் போக, சூப்பர்வைசர் பையன் ஓடிவந்து, "அண்ணா, அதை மூடுனா மழைக்குப் பீமையே தூக்கிரும், விடுங்க" என்றான். இதற்காகவே அந்தப் பையனுக்குத் தனி மார்க்.

சாக்கடை லைனுக்கு வந்தது வேறு கேங், வேறு சப்-காண்ட்ராக்ட். பைப்புக்கு ஸ்லோப் எல்லாம் சரியாகத்தான் வைத்தார்கள், ஆனால் குழி மூடும்போது கிராவல் கொட்டி அரை அடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடிக்க வேண்டியதை, தோண்டிய கரிசல் கட்டியையே ஜேசிபியில் ஒரே தள்ளாகத் தள்ளி மேலே ஒரு ரோலர் ஓட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கேட்டதற்கு, "மழை பெஞ்சா தானா செட் ஆயிருங்க". ஆனது! முதல் பெரிய மழைக்கே ரோடு அமுங்கி மேன்ஹோல் மூடி மட்டும் மேலே துருத்திக்கொண்டு நின்றது, ராத்திரி பைக்கில் வருகிறவன் கதி அதோகதி. கடைசி பில்லில் பிடித்து வைத்திருந்த பணம் இல்லையென்றால் திரும்ப வந்திருக்க மாட்டார்கள். வந்து தோண்டி, கிராவல் போட்டு லேயர் லேயராக இடித்துக் கொடுத்தார்கள், அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

ரேட் கொஞ்சம் அதிகம்தான். பாறை வந்தால் தனிக் கணக்கு, குழியில் நீர் ஊறினால் மோட்டார் வாடகை நம் தலையில், இதையெல்லாம் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். பைல் வேலைக்கு இவர்களையே திரும்பக் கூப்பிடுவேன். பைப் லைனுக்கு வேறு ஆள்தான்.